மீட்டர் மேடத்துக்கு அப்பா எழுதுவது

களம்பூருக்கு மருமகளாகப் போகவிருக்கும் மீட்டர் மேடத்துக்கு, உன்னைப் பெற்ற தறிக்காரன் எழுதிக்கொள்வது.

வேறு யாராவது சொல்லி நீ சிரிப்பதற்கு முன்னால் நானே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். தண்ணீர் ஆபீஸ் வாசலில் புதுக் கட்டணத்தை எதிர்த்து நம் தெரு மொத்தமும் உட்கார்ந்த அன்று, பக்கத்து வீட்டு ஏகாம்பரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு "மீட்டர் கட்டணம்" என்று நீட்டி இழுத்தான். கூட்டம் முழுக்க "ஒழிக" என்றது. உன் அப்பன் நான் மட்டும் கையை உயர்த்தி, கழுத்து நரம்பு புடைக்க, "வாழ்க" என்று கத்தினேன். ஒரு தடவை தவறினால் பரவாயில்லை, இரண்டாவது தடவையும் அதேதான் வந்தது. என்ன செய்வது? இத்தனை வருடமாகக் கட்சிக்காரர்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போன கூட்டங்களில் எல்லாம் வாழ்க சொல்லித்தான் பிரியாணி வாங்கியிருக்கிறேன். ஒழிக சொல்ல என்னை யாரும் கூப்பிட்டதே இல்லை. தொண்டை அதன் பழக்கத்துக்குப் போய்விட்டது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏகாம்பரம் என்னைப் பின்வரிசைக்கு அனுப்பி, வாய் திறக்கக் கூடாது என்று கையில் ஒரு தட்டியைக் கொடுத்துவிட்டான். அதையும் நான் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்பது பொய். கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் உன் அம்மாவின் உத்தரவு. கல்யாணம் ஆகிப் போகிற பெண்ணுக்கு அப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம். வாயால் சொல்லச் சொன்னால் நான் கேலி பேசிக் கெடுத்துவிடுவேன், அதனால் எழுது என்று உன் தம்பியின் பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்துக் கொடுத்தாள். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எங்கே புள்ளி வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்பதை உன் அம்மா பார்த்துக்கொள்வாள். எழுதி முடித்ததும் போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவேன். நீ என்னோடு சண்டை போட்டதைத் தெருவே நின்று பார்த்தது, நான் பதில் சொல்வதையும் தெருவே படிக்கட்டும். நல்ல வார்த்தையை நம்பி யாரும் படிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

உன்னைப் பற்றி எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு குழாய் வருவதற்கு முன்னால், தெருமுனையில் ஒரே ஒரு குழாய் இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு அங்கே போய்க் குந்திக்கொள்வாய். குடத்துக்குப் பதில் யார் கல்லை வைத்தார்கள், யார் உடைந்த வாளியை வைத்தார்கள், எது யாருக்கு முன்னால் என்று எல்லாம் உனக்கு மனப்பாடம். ஒருநாள் உன் அம்மா, உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கிறது என்று அவசரமாக ஓடி வந்து குடத்தை முன்னால் நகர்த்தினாள். நீ எழுந்து அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசியில் வைத்தாய். பெற்ற தாயின் குடத்தை. தெருப் பெண்கள் எல்லாம் உன்னைக் கொஞ்சினார்கள். நானும் தறியில் உட்கார்ந்துகொண்டு, என் பெண் கலெக்டர் ஆவாள் என்று பெருமை பேசினேன். நீ கலெக்டர் ஆகியிருந்தால் வேறு எந்த ஊருக்காவது போய் வேறு யார் அப்பனையாவது படுத்தியிருப்பாய். நான் தறி மிதித்து உன்னை டிப்ளமோ படிக்க வைத்தேன். நீ மீட்டர் மாட்டும் கம்பெனியில் சேர்ந்து, மஞ்சள் தொப்பி வைத்துக்கொண்டு, நேராக என் வாசலுக்கே வந்தாய்.

சரி, நான் கோபப்படுவது எதற்கு என்று உனக்குத் தெரியும். களம்பூர் சம்பந்தி வீட்டாருக்குத் தெரியாது, அவர்களும் இதைப் படிக்கக்கூடும். இத்தனை காலமும் வீட்டு வரியோடு சேர்த்துத் தண்ணீருக்கும் வருடத்துக்கு ஒரு தொகை கட்டிவந்தோம். முனகிக்கொண்டே கட்டினோம், ஆனால் கட்டினோம். இப்போது குழாய்க்குக் குழாய் மீட்டர், மாதத்துக்கு மாதம் பில். அது போதாதென்று வீடு ஒரு ரேட், வணிகம் ஒரு ரேட். வீட்டுக்குள் தொழில் நடந்தால் அந்த வீட்டுக் குழாய் வணிகக் குழாயாம். நம் தெருவில் தறி இல்லாத வீடு எது? படுப்பதும் தறிக்குப் பக்கத்தில், சமைப்பதும் தறிக்குப் பக்கத்தில். நீ தவழ்ந்ததே தறிக்குக் கீழேதான். நெய்வதற்கு முன்னால் நூலுக்குத் தெளிக்கிற ஒரு சொம்புக் கஞ்சியை விட்டால், அந்தத் தறி என்றைக்காவது தண்ணீர் கேட்டதா? ஈரக் கையோடு பட்டுப் பக்கம் வந்தால் உன் முதுகில் ஒன்று வைப்பேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு சொட்டு விழுந்தால் புடவையில் கறை நிற்கும், கடைக்காரன் திருப்பி அனுப்புவான். தண்ணீரை வாசலோடு நிறுத்தி வைத்திருக்கிற தொழிலுக்குத் தண்ணீர் ரேட் அதிகம். அதே தெருவில் கடைசி வீட்டு ரெஜினா டீச்சர் கூடம் நிறையப் பிள்ளைகளை உட்காரவைத்து டியூஷன் எடுக்கிறார். அத்தனை பிள்ளைகளும் குடிக்கிற தண்ணீரும் கக்கூஸுக்குப் போகிற தண்ணீரும் வீட்டுத் தண்ணீராம். இந்த ரூலை எழுதியவன் வீட்டில் பட்டுப் புடவை இல்லாமலா இருக்கும்? அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் அவனுக்குத் தெரியாது.

தண்ணீராவது ஒழுங்காக வருகிறதா? ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பெயர். அந்த ஒருநாளும் அது நினைத்த நேரத்துக்கு வரும். தெருவைத் தோண்டிக் குழாய் போட்டார்கள், தோண்டிய மண்ணை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள், மழையில் அந்தப் பள்ளத்தில் ஏகாம்பரத்தின் டிவிஎஸ் விழுந்தது, அவனும் விழுந்தான். அளக்கிற கருவியை வாங்குவதற்கு இருந்த அக்கறை, அளக்கப்படுகிற சரக்கின் மேல் இல்லை. ஜவுளிக் கடையில் துணியே இல்லாமல் மீட்டர் கோலை மட்டும் காட்டினால் நீ காசு கொடுப்பாயா?

நான் போனில் இதையெல்லாம் கேட்டபோது நீ மேடம் குரலில் பேசினாய். எல்லோருக்கும் சமமாகத் தண்ணீர் போக வேண்டும் என்றால் அளந்துதான் ஆக வேண்டும் என்றாய். அப்புறம் அப்பாவின் மோட்டாரைப் பற்றிப் பேச்சை எடுத்தாய். ஆமாம், குழாயில் மோட்டார் வைத்து இழுத்தேன். நம் தெருவில் இழுக்காதவன் யார்? நான் ஒருவன் யோக்கியனாக உட்கார்ந்திருந்தால் ஏகாம்பரம் தொட்டியில் அது நிறைந்திருக்கும். ரெஜினா டீச்சர் வீடு தெருக்கோடியில் இருப்பதால் அவருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்றாய். அதுவும் உண்மைதான். ஆர்ப்பாட்டத்துக்கு முதல் நாள் வீடு வீடாகக் கூப்பிடப் போனபோது, டீச்சர் கையில் சாக்பீஸோடு வாசலுக்கு வந்து, நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "மோட்டார் போட்டு எங்க தண்ணியையும் உறிஞ்சிகினு, போராட்டத்துக்கும் எங்களயே கூப்புடறீங்களே, உங்களுக்கே சிரிப்பு வரல?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அவர் வரவில்லை என்ற கோபம் எனக்கு இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

இனி நம் தெருவுக்கு நீ வந்த நாளுக்கு வருகிறேன்.

நீ வருவாய் என்று தெரிந்ததும் ஏகாம்பரம்தான் அந்த யோசனையைச் சொன்னான். கல்லெறிவது, சாலையில் படுப்பது எல்லாம் நமக்கு ஆகாது, கேஸ் ஆகும். தெருவில் பாவு நீட்டிவிடுவோம் என்றான். சம்பந்தி வீட்டார் அரிசிக்காரர்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளைப் பிணைத்து, பிறகு சுருட்டுவோம். அதுதான் பாவு. விடியற்காலையில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். பாவு நீட்டியிருக்கும்போது தெருவில் எந்த வண்டியும் வராது, யாரும் தாண்டமாட்டார்கள். பிணம் போனால்கூட அடுத்த தெரு வழியாகத்தான் போகும். இது யாரும் எழுதி வைத்ததில்லை. ஜீப்புக்கும் இது பொருந்தும் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

ஒரு வீட்டுப் பாவு முடிந்ததும் அடுத்த வீட்டுப் பாவு, அது முடிந்ததும் அதற்கடுத்தது. நீ ஜீப்பில் வந்து இறங்கியபோது தெரு முழுக்கப் பட்டு மின்னிக்கொண்டிருந்தது. உன் பின்னால் அட்டைப்பெட்டியில் மீட்டரோடு ஆட்கள். ஏகாம்பரம் தெருமுனையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"பாவு கெடக்குது பாப்பா. வண்டிய திருப்பிகினு போ."

"எவ்ளோ நேரம் ஆவும் மாமா?"

"ஆவும். சாயங்காலம்கூட ஆவும்."

"வெயில்ல பட்டு தாங்குமா?"

"அது எங்க பட்டு, எங்க வெயிலு. உனுக்கு இன்னா?"

நீ ஜீப்பின் படியிலேயே உட்கார்ந்துகொண்டாய். அந்தப் பழைய குழாயடியில் குந்தியிருந்த மாதிரியே. உன் ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள், வந்தார்கள், மறுபடியும் போனார்கள். எங்கள் ஆட்கள் உன்னை விதவிதமாகக் கிண்டல் செய்தார்கள். தொப்பியைக் கழற்றினால் தண்ணீர் பிடிக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள், அது நான் சொல்லிக் கொடுத்தது. நீ அசையவில்லை.

கடைசியாக நம் வீட்டுப் பாவு. முதலாளி கொடுத்த பட்டு, கல்யாண சீசனுக்கு நெய்து தர வேண்டியது. அதை நீட்டும்போதே வெயில் நன்றாக ஏறிவிட்டது. வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று உன் அம்மா சொன்னாள். நான் கேட்கவில்லை. நம் வீட்டுப் பாவை நீட்டாவிட்டால், பெண்ணுக்காக விட்டுக்கொடுத்தான் என்று தெரு பேசும். நீட்டினேன். தெளித்த கஞ்சி தெளிக்கத் தெளிக்கக் காய்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு இழை அறுந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் அங்கங்கே. பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். சுருட்டிவிடலாம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவன் ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை. நாங்கள் உனக்கு எதிராக நிற்கிறோம் என்பதற்காக முதலாளியின் பட்டு வெயிலில் தீய்ந்துகொண்டிருந்தது, நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றோம்.

நீதான் எழுந்து வந்தாய். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாய். தொப்பியை அதன் மேல் வைத்தாய்.

"இது முதலாளி பட்டுப்பா. நெனப்பு இருக்குதா?"

"எங்க பாவு எப்படிக் கெட்டா உன் மீட்டருக்கு இன்னா?"

"நவுருங்க."

நகர்ந்துவிட்டேன். என்னை அவ்வளவு சுலபமாக இதுவரை யாரும் நகர்த்தியதில்லை. நீ கை துடைத்துக்கொண்டு இழைகளைப் பிணைக்க ஆரம்பித்தாய். டிப்ளமோ படிக்கப் போனதில் விரல் மறந்திருக்கும் என்று நினைத்தேன், மறக்கவில்லை. கஞ்சியை இன்னும் தண்ணியாகக் கரைத்து எடுத்து வா என்று உன் அம்மாவை விரட்டினாய், அவளும் ஓடினாள். அதுவரை உன்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து உன் பக்கத்தில் நின்று பிணைத்தார்கள். பாவைச் சுருட்டி எடுத்து நம் வீட்டுக்குள் வைத்தபோதுதான் தெரு காலியாகக் கிடப்பது எனக்கு உறைத்தது. ஏகாம்பரத்துக்கும் அப்போதுதான் உறைத்தது. என் தோளைத் தட்டி, "பாவைக் காப்பாத்தறேன்னு ரோட்டைத் தொறந்துட்டாளே. உன் பொண்ணு கில்லாடிண்ணே" என்றான். திட்டினானா, பாராட்டினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீ ஷூவை மாட்டிக்கொண்டு உன் ஆட்களைக் கூப்பிட்டாய்.

நம் வீட்டில் நடந்ததை நான் எழுதாமல் விட்டால் நீ எழுதிவிடுவாய், அதனால் எழுதிவிடுகிறேன். மீட்டரை மாட்டி முடித்ததும் கையில் அந்தப் பலகை மாதிரிப் போனை வைத்துக்கொண்டு வாசலில் நின்று, யாரோ எவரோ போல, வீட்டில் தொழில் ஏதாவது நடக்கிறதா என்று என்னைக் கேட்டாய். உனக்குப் பின்னால் உன் ஆள் நீலப் பெயின்ட் டப்பாவோடு நின்றான். தெரு மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ பொறந்ததே அதுக்குப் பக்கத்துலதான். இல்லேன்னு எழுது."

"தறி இருக்குதேப்பா."

"எங்க ஊட்ட மட்டுமாவது உட்டுடு."

"உட்டா, அப்பன் ஊட்ட உட்டுட்டாள்னு நாளைக்கு இவங்களே சொல்லுவாங்க. எழுதனாத்தான் அதை எதிர்த்து மனு குடுக்க முடியும். தறிக்கு இன்னா தண்ணின்னு அங்க வந்து கேளுங்க. நானே முன்னால நிப்பேன்."

சுவரில் நீல எழுத்தில் 'வணிகம்' என்று ஏறியது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் உன் கல்யாணத்துக்கென்று சுண்ணாம்பு அடித்த சுவர். எங்கள் பட்டைக் காப்பாற்றிய கை அது என்று எனக்குத் தெரியும். அதே கை காட்டிய இடத்தில்தான் அந்த எழுத்தும் விழுந்தது. அப்போது நான் அதைச் சொன்னேன். "அந்த எழுத்து செவுத்துல இருக்கற வரைக்கும் இந்த வாசப்படி ஏறாத."

உன் அம்மா ஏதோ சொல்ல வந்தாள். நீ அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டாய். அவள் உனக்கென்று வடித்து வைத்திருந்த சோற்றை அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை. ராத்திரி சாப்பிட்டேன். பொய் சொல்வானேன்.

நான் சொன்னதைத் திரும்ப வாங்குவேன் என்று நீ நினைத்திருந்தால் உன் அப்பனை உனக்குத் தெரியவில்லை. நீயும் இறங்கி வரவில்லை. கம்பெனி உன்னைப் பெரணமல்லூர் பக்கம் மாற்றிவிட்டது என்று உன் தம்பி சொன்னான். அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டாயாம். கல்யாணப் பெண் வீட்டுக்கு வராமல் எந்த ஊரிலாவது கல்யாணம் நடக்குமா என்று உன் அம்மா தினமும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் நேராகப் பெரணமல்லூரிலிருந்தே அழைத்துக்கொண்டு போகட்டும், வண்டிச் செலவு மிச்சம் என்றேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இந்தக் கடிதத்தை எழுது என்று தாள் கொடுத்ததுதான் அப்புறம் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு.

எனவே எழுத வேண்டிய நல்ல வார்த்தையையும் எழுதிவிடுகிறேன். போகிற வீட்டில் முதல் வாரத்திலேயே எதையும் அளக்காதே. மாமியார் எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறார், மாமனார் எத்தனை தடவை காபி கேட்கிறார் என்பதெல்லாம் உன் கண்ணில் படும், பட்டாலும் வாயில் வரக் கூடாது. நியாயம் உன் பக்கம் இருக்கும்போது கொஞ்சம் மெதுவாகப் பேசு. நீ நியாயத்தைப் பேசும் குரலில் எதிரே இருப்பவனுக்கு நியாயம் கேட்காது, மேடம்தான் கேட்கும். புருஷனோடு சண்டை வந்தால் சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடு, பசியில் சொன்ன வார்த்தை நிறைய நாள் நிற்கும். நான் அந்த வார்த்தையைச் சொன்னபோது விடிந்ததிலிருந்து ஒரு வாய்கூட சாப்பிட்டிருக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, தகவல் சொல்கிறேன்.

மனு கொடுத்தோம். நீ சொன்னதற்காக இல்லை, ஏகாம்பரம் சொன்னதற்காக. தறி வீடுகள் எல்லாம் சேர்ந்து போனோம். என்னை வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அழைத்துப் போனான். உள்ளே இருந்த அதிகாரி, உங்கள் ஏரியாவில் வேலை பார்த்த பெண் ஏற்கெனவே வந்து இதையே ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனாள், நான் நேரில் வந்து பார்க்கிறேன் என்றார். அந்தப் பெண் யார் என்று அவருக்குத் தெரியாது. தெருவில் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, சத்தியம் செய்திருந்தேன் அல்லவா? ஆனால் திரும்பி வரும் வழியில் ஏகாம்பரம் ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். அவன் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

உன் மேல் எனக்கு இருந்த கோபத்தில் அதற்காக ஒரு பங்கைக் கழித்துக்கொள்கிறேன். மீட்டர் மேல் இருக்கும் கோபம் அப்படியே இருக்கிறது. மீட்டர் வந்த பிறகு மோட்டாரைக் கழற்றிவிட்டேன், போட்டால் பில் ஏறும். எல்லோரும் கழற்றிவிட்டார்கள். ரெஜினா டீச்சர் வீட்டில் இப்போது தண்ணீர் விழுகிறதாம். ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டு, கேட்காமலேயே சொன்னார். நல்லது என்றேன். இதை எழுதும்போது எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் அந்த அதிகாரி வந்தார். கூட ஒரு கிளார்க். நல்ல மனிதர்தான், வெயிலில் வந்த களைப்பில் இருந்தார். தறியைப் பார்த்தார், கால் மிதிக்கிற தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து காட்டச் சொன்னார், காட்டினேன். இதில் தண்ணீர் எங்கே பயன்படுகிறது என்று கேட்டார். எங்கும் இல்லை என்றேன், வேறு எதுவும் பேசவில்லை, உன் அம்மாவைக் கேட்டுப் பார். பிறகு கிளார்க்கிடம், தறி இருக்கும் வீடுகளை எல்லாம் வீடு என்றே மாற்றிக்கொள்ளச் சொன்னார். வாசலில் கூடியிருந்த தெரு கை தட்டியது. ஏகாம்பரம் அப்போதே சுண்ணாம்பு கொண்டுவந்து நம் சுவரில் இருந்த எழுத்தின் மேல் அடித்தான். நீலம் இன்னும் லேசாகத் தெரிகிறது, ஆனால் படிக்க முடியாது. மீட்டர் இருக்கும், கட்டணமும் இருக்கும், அதில் மாற்றம் இல்லை என்றும் சொல்லிவிட்டார். அதை எதிர்த்து அடுத்த ஆர்ப்பாட்டம் வைத்திருக்கிறோம், நான் கூட்டத்தில் சும்மா நிற்பேன்.

ஆகவே வீட்டுக்கு வா. எழுத்து இருக்கும் வரைதான் வராதே என்று சொன்னேன், அது இப்போது இல்லை. உன் அம்மா அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறாள். நான் பேசமாட்டேன், பேசினால் கேலிதான் பேசுவேன், பழையபடி.

அதிகாரி கிளம்பும்போது மீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் குழாயைத் திருகினார். அது தண்ணீர் வரும் நாள் இல்லை. குழாயின் தலை கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. அதற்குள் போன் வந்தது, பேசிக்கொண்டே அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். உன் அம்மா குழாய் வாயில் துணியைச் சுற்றி அடைத்தாள். மறுநாள் நானும் அவளும் உன் கல்யாணப் பத்திரிகை வைக்க வெம்பாக்கம் போனோம். அன்றைக்குத் தண்ணீர் சீக்கிரம் வந்தது, நல்ல வேகமாகவும் வந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது துணி தெருவில் கிடந்தது. காலையிலிருந்து தண்ணீர் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. மீட்டர் நன்றாக வேலை செய்கிறது.